பழகிய கண்

மாப்ள,

எதிர்வீட்டு மாடிக்குக் கைப்பிடி வைக்கிறார்கள். காலையிலிருந்து வெல்டிங். ஜன்னலைச் சாத்தினாலும் கருகிய இரும்பின் வாசம் உள்ளே வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. உன் சட்டையில் எந்நேரமும் இருந்த வாசம்தான். எங்களுடைய இந்தக் கே.கே. நகர் வீட்டுக்குள் இந்த வாசம் வந்தால் நீ வாசலில் செருப்பைக் கழற்றுகிறாய் என்று ஒரு காலத்தில் அர்த்தம். இன்றைக்கும் ஒரு நொடி அப்படி நினைத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லாதது ஞாபகத்துக்கு வந்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். பால்கனியில் போய் நின்று, "தம்பிகளா, ஒரு சாக்கையாவது கட்டித் தொங்க விட்டு அடிங்கப்பா, தெருவுல சின்னப் புள்ளைக போகுதுல்ல" என்று சத்தம் போட்டேன். அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டவள், "அவுங்க பொழப்ப அவுங்க பாக்கட்டும், நீங்க வந்து உங்க காப்பியக் குடிங்க" என்றாள். காப்பி ஆறிப் போயிருந்தது.

பயப்படுவதற்கென்றே பிறந்தவன் நான் என்று நீ சொல்வாய். வண்டியூரில் நாம் ஒன்றாகப் படித்த காலத்திலேயே அப்படித்தான். தெப்பக்குளம் வறண்டு கிடக்கும், உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவோம். நீ படிக்கட்டில் மூன்று நான்காகத் தாவி இறங்குவாய். நான் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கி வருவதற்குள் அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். நான் படித்துப் பல்கலைக்கழக அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நீ குளத்துக்குப் பக்கத்திலேயே, உன் வீட்டு வாசலில், வெல்டிங் பட்டறை போட்டாய். எனக்குக் கல்யாணம் ஆகி, அபி பிறந்து, அவள் உன்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் நம் பேச்சு அந்தப் படிக்கட்டில் இருந்தது போலவேதான் இருந்தது. நீ முன்னால் தாவுவாய், நான் பின்னால் கத்துவேன்.

அந்தக் கிரகணம் வருவதற்குப் பல நாள் முன்பிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரெல்லாம் வேறு காரணத்துக்காகப் பயந்தது. சமைத்ததில் தர்ப்பைப்புல் போட வேண்டும், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகள் வெளியே தலை காட்டக் கூடாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் கவலை இல்லை. என் கவலை ஒரே ஒரு ஜோடிக் கண்தான். அபி அப்போது அரைப்பரீட்சை விடுமுறையில் இருந்தாள். எதைப் பார்க்காதே என்கிறோமோ அதைப் பார்க்கிற வயது.

உன் பட்டறையில் உட்கார்ந்து உன்னிடம் அதை விளக்கப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? நிலா இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும், அதனால் சூரியனை முழுசாக மூடாது, சுற்றிலும் ஒரு வளையம் மிஞ்சும் என்றேன். "மோதிரம் மாதிரியா?" என்றாய். ஆமாம், அந்த மோதிரமே கண்ணைப் பொசுக்கப் போதும் என்றேன். மற்ற நாளில் சூரியனை யாராலும் பார்க்க முடியாது, கண் தானாகவே மூடிக்கொள்ளும். கிரகணத்தன்று வெளிச்சம் மங்குவதால் கண் ஏமாந்துபோய்த் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கும், ஆபத்து அதில்தான் என்றேன்.

நீ ராடு மாட்டின பிடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மாப்ள, நான் இருவது வருசமா நெருப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது பழகுன கண்ணு. எப்பயாவது அசந்து மறந்து ஆர்க் வெளிச்சம் கண்ணுல அடிச்சிரும். ராத்திரி கண்ணுக்குள்ள மண்ண அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கும். உருளைக்கிழங்க வெட்டி வச்சுக்கிட்டுப் படுத்தா காலையில போயிரும். கண்ணுக்குக் கேடு வந்தா கண்ணே சொல்லும்."

"அது கண்ணோட மேல்தோலுடா. அதனால வலிக்குது. சூரியன் சுடுறது உள்ள பின்னாடி இருக்கிற திரையை. அதுக்கு வலிக்கவே தெரியாது. வெந்து போனாலும் உனக்குத் தெரியாது."

"வலிக்கவே தெரியாதா? அப்ப அது உன்ன மாதிரி இல்ல. உனக்குத் தொட்டதுக்கெல்லாம் வலிக்கும்" என்றாய். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் உன்னிடம் எனக்குள்ள கஷ்டம்.

அப்புறம் நீயே ஒன்று கேட்டாய். "நம்ம வெல்டிங் கண்ணாடி ஆகாதா?" சாதாரணமாக நீ போடும் பதினோராம் நம்பர் ஆகாது, பதினாலாம் நம்பர் என்றால்தான் சூரியனுக்குச் சரி என்றேன். சொல்லிவிட்டு உடனே, "அதுவும் உனக்கு வேண்டாம், யாருக்கும் வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ தலையை ஆட்டினாய். நீ தலையை ஆட்டினால் கேட்டுக்கொண்டாய் என்று மட்டும்தான் அர்த்தம், ஒப்புக்கொண்டாய் என்று இல்லை.

அபிக்கு நான் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். சேலைப் பெட்டி அட்டையில் ஊசியால் ஒரு துளை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையைத் தோளுக்கு மேல் பிடித்தால், துளை வழியாக வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் குட்டிச் சூரியனாக விழும். கிரகணம் எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும், கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. அவள் அதை உன்னிடம் காட்டினாளாம். "உங்கப்பன் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்பிடித்தான் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்" என்று நீ சொன்னதை அவள் வீட்டில் வந்து சொன்னாள். இவள், என் வீட்டுக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிரகணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே அபி உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். விடுமுறையில் எப்போதும் வருவதுதானே, உன் வீட்டம்மாவிடம் விட்டால் நன்றாகச் சாப்பிடுவாள். அட்டையைக் கையில் கொடுத்து, அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினேன். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. காலையில் வெயில் ஏறுமுன்பே நாகமலை புதுக்கோட்டை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. ஜன்னலில் வெளிச்சம் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உன் போன்.

"மாப்ள, ஆபீஸ்லயா இருக்க? பாப்பா பேசணுமாம்."

"அப்பா! சூரியன் பிறை மாதிரி இருக்குப்பா! மாமா காட்டுனாரு. பச்சையா இருக்குப்பா!"

பச்சை. அட்டைத் துளையில் விழும் சூரியன் வெள்ளையாகத்தான் இருக்கும். வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் பச்சை. "உள்ள போ! அபி, உள்ள போ!" என்று நான் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குள் போன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை.

வண்டியை எடுத்தேன். சொல்லிவிட்டு வந்தேனா, சொல்லாமல் வந்தேனா என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. பதினொன்றா, பதினாலா? வழி முழுக்க இதே கேள்விதான். உன் பட்டறையில் கிடப்பதெல்லாம் பதினொன்று. பதினொன்றை மாட்டித்தான் பிள்ளைக்குக் காட்டியிருப்பான், வேறு எது இருக்கிறது அவனிடம் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

காளவாசல் வரும்போது ரோட்டில் ஆள் நடமாட்டமே குறைந்து போயிருந்தது. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. நிழல்களின் ஓரம் கத்தியால் நறுக்கினது போல இருந்தது. சிக்னலில் ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். குனிந்து பார்த்தால் தார்ரோடு முழுக்க வளையங்கள். இலைகளுக்கு இடையில் இருக்கும் ஒவ்வொரு சந்தும் என் அட்டையின் ஊசித்துளை செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. என் சட்டைக் கை மேலும் வளையங்கள் அசைந்தன. எவ்வளவு அழகு தெரியுமா? பக்கத்தில் பைக்கில் இருந்த ஒருவர் தலையைத் தூக்கப் போனார். "அண்ணே, மேல பாக்காதீங்க! கீழ பாருங்க, கீழயே தெரியுது!" என்று கத்தினேன். அவர் குனிந்து தன் மடியைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இம்புட்டு அழகா!" என்றார். இதை அபி உன் வீட்டு வேப்பமரத்தடியில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது. பச்சை விளக்கு விழுந்ததும் விரட்டினேன்.

உன் பட்டறை வாசலில் நான் பார்த்ததை இன்னும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். அபி முகத்தை மறைத்துக்கொண்டு உன் வெல்டிங் ஷீல்டைப் பிடித்து நிற்கிறாள். நீ அவளுக்குப் பின்னால் குத்தவைத்து, அவள் தோள்களைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறாய். இரும்பைக் குறி பார்ப்பதுபோல இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணை இடுக்கிக்கொண்டு வெறும் கண்ணால் நேராக மேலே பார்க்கிறாய். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பாப்பா… இன்னும்… ஆங், அங்கதான், புடிச்சுக்க" என்கிறாய்.

ஷீல்டைப் பிடுங்கினேன். பிள்ளையைத் தகரக் கூரைக்குள் இழுத்துத் தள்ளினேன். வாயில் வந்ததையெல்லாம் உன்னைத் திட்டினேன், உன் வீட்டம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். நீ ஷீல்டை என் கையிலிருந்து வாங்கினாய். ஷீல்டிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஓரத்தில் பொறித்திருந்த எண்ணை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"பதினாலு. நீ சொன்னதுதான். மாசி வீதிக் கடை பூரா அலைஞ்சேன் மாப்ள. ஒரே ஒரு கண்ணாடிதான் கெடச்சுச்சு."

அங்கே கிடந்த இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டிருக்கிறாய். ஒன்றுதான் கிடைத்தது, அதை அவளுக்குக் கொடுத்துவிட்டாய். ஷீல்டுக்குள் போனால் பிள்ளைக்கு எல்லாம் கருப்பு, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் நீ பார்த்து அவளைத் திருப்பிவிட்டிருக்கிறாய்.

"ஷீல்டு இல்லாம பாத்தியா அபி? பொய் சொல்லாதே."

அவள் தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவப்பா. கை வலிச்சு ஷீல்டு நழுவுனப்ப."

கண்ணாஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம். அந்தச் சின்ன வயது டாக்டரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அபிக்குச் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்துப் பார்த்தார். "இப்ப நல்லா இருக்குங்க. ஆனா சில பேருக்கு மறுநாள்தான் தெரியும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரை ஒவ்வொரு கண்ணா மூடச் சொல்லி நேர்க்கோடு எதையாவது பாக்கச் சொல்லுங்க. கோடு வளைஞ்சாலோ, நடுவுல அழிஞ்ச மாதிரி இருந்தாலோ உடனே வாங்க. வலி இருக்காது. வலி இல்லைங்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார்.

நான் அதே மூச்சில், "இவனையும் பாருங்க டாக்டர், வெறுங்கண்ணால பாத்திருக்கான்" என்று திரும்பினேன். நீ அங்கே இல்லை. வாசலில் டீக்கடையில் நின்றாய். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எனக்கு என்ன மாப்ள, ஒரு கரிப்புக்கூட இல்ல. வலி வந்தா வாரேன்" என்று கையை எடுத்துவிட்டாய்.

நேர்க்கோடு எதையாவது என்றார் அல்லவா. எங்கள் வீட்டில் இருப்பதிலேயே நேரான கோடு நீ அடித்துக் கொடுத்த ஜன்னல் கம்பிதான். அன்று சாயங்காலம் முழுக்க அபியை அதன் முன்னால் நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடு. கம்பி நேரா இருக்கா? நேரா இருக்குப்பா. அடுத்த கண்ணை மூடு. நடுவுல எங்கயாவது அழியுதா? இல்லப்பா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "பிள்ளைய இப்படி வதைக்காதீங்க" என்று இவள் கோபப்பட்டுவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் தானே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். மறுநாள் டாக்டரம்மா இரண்டு கண்ணும் சுத்தம் என்று சொன்னபோது நான் அவரைக் கும்பிட்டுவிட்டேன். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

உன்னிடமும் தினமும் போனில் கேட்டேன். "ஒரு கண்ண மூடிப் பாத்தியா?" "பாத்தேன் மாப்ள, எல்லாம் வெளக்கமாத் தெரியுது." பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பார்க்கிற ஆளா நீ?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிச்சோறு. நீ வந்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாய். அபிக்கு அந்தச் சமயம் டாக்டர் விளையாட்டுதான். அம்மா, மாடிவீட்டு அக்கா, பால்காரர் எல்லோருடைய கண்ணையும் மூடிப் பார்த்தாயிற்று. உன் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உன் இடது கண்ணைத் தன் கையால் பொத்தினாள்.

"மாமா, நேரா என்னப் பாருங்க. என்ன தெரியுது?"

"எம் மருமக தெரியுறா."

"முழுசாத் தெரியுறேனா?"

"ம்… காதுல தோடு தெரியுது. நெத்தியில பொட்டு… ரிப்பன் தெரியுது. மூக்கத்தான் காணோம். எலி தூக்கிட்டுப் போயிருச்சா?"

அபி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுக்களையிலிருந்து இவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நீயும் சிரித்துக்கொண்டேதான் அவள் கையை விலக்கினாய். விலக்கிவிட்டு வலது கண்ணை மூடிப் பார்த்தாய். மறுபடி இடது கண்ணை மூடிப் பார்த்தாய். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அப்புறம் நீ என்னைப் பார்த்தாய். நீ பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலையில் கறியை நீ தொடவே இல்லை.

மறுநாள் டாக்டரம்மா உன் கண்ணின் உட்புறத்தைப் படம் பிடித்துக் காட்டினார். வலது கண் திரையின் நட்டநடுவில் பொட்டளவுக்கு ஒரு தழும்பு. எதை நேராகப் பார்க்கிறாயோ அந்த இடம் மட்டும் அழிந்து தெரியும். இடது கண் சேர்ந்து பார்ப்பதால் இரண்டும் திறந்திருக்கும்போது தெரியாது. "ரெண்டு நாளா பத்து வைக்கிற கோடு சரியாத் தெரியலைன்னு ஷீல்டு கண்ணாடிய மாத்திக்கிட்டே இருந்தேன். கண்ணாடியில அழுக்குன்னு நெனச்சேன்" என்றாய் நீ. இதற்கு மருந்து இல்லை, பல பேருக்குச் சில மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும் என்றார் அவர். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "பாப்பாவ இன்னொரு தடவ பாத்துருங்கம்மா."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் உள்ளங்கை எப்போதும் காய்ப்புக் காய்ச்சுச் சொரசொரவென்று இருக்கும், அன்றைக்கு ஈரமாக இருந்தது.

"அவகிட்ட சொல்லிராத மாப்ள. தனக்குக் காட்டப் போயித்தான் மாமாவுக்கு இப்பிடி ஆச்சுன்னு அவ நெனச்சிரக் கூடாது. அவ அந்த மோதிரத்தப் பாத்தப்ப என்னா சந்தோசம்கிற. அது அப்பிடியே இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்றேன். இவளிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ, பிள்ளைக்குத் தெரிந்துவிடுமோ என்று எனக்கு அதிலிருந்து இரண்டு கவலை.

அதற்குப் பிறகு நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "நல்லாயிருச்சு மாப்ள, முழுசா வந்துருச்சு" என்றாய். ஒரு கண்ணை மூடிக் காட்டு என்றால் பேச்சை மாற்றினாய். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு நீ பத்து வைத்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். ஓர் இடத்தில் கோடு விலகிப் போனது. உடனே கிரைண்டரால் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாய். "ராடு நமுத்துப் போச்சு" என்றாய். நமுத்துத்தான் போயிருக்கலாம். மழைக்காலம்தான் அது. எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வருடம் தெப்பத் திருவிழா முடிந்த வாரத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. வலி வந்தால் வருகிறேன் என்று சொன்னவன் நீ. ஆட்டோவில் ஏற்றும்வரைகூட அது உனக்கு நேரம் கொடுக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது பட்டறை வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அபி உன் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம், "மாமாதான் எனக்கு மோதிரம் காட்டுனாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கேட்டவர்களுக்கு என்ன மோதிரம் என்று விளங்கவில்லை. நான் தூணோடு தூணாக நின்றேன். உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, மாப்ள. இதை என்னிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயே என்று.

இப்போது அபி பிளஸ் ஒன். அட்டை, கண்ணாடி, நிலா, நிழல் என்று எந்நேரமும் அதே பேச்சு. இன்னொரு கிரகணம் வரப் போகிறதாம். எங்கள் தெருவிலேயே பிள்ளைகளைச் சேர்த்து எல்லோருக்கும் பாதுகாப்பாகக் காட்டப் போகிறாளாம். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று சும்மா சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் கேட்பார்கள் என்கிறாள். என்னிடம் அந்த அறிவு அன்றைக்கு இருந்திருந்தால் உன் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி தேடியிருப்பேன். கிரகணத்துக்கென்றே வரும் அட்டைக்கண்ணாடி வாங்க வேண்டும் என்று நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள். எத்தனை பிள்ளைகளோ அத்தனை கண்ணாடி வாங்கிக்கொள் என்றேன்.

"அம்புட்டு பத்தாதுப்பா. காட்டுறவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு வேணும்."

"காட்டுறவங்க எதுக்குப் பாக்கணும்?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"சின்னப் பிள்ளைக்குச் சூரியன் எங்க இருக்குன்னு தெரியாதுப்பா. காட்டுறவங்கதான் முதல்ல நிமிந்து பாப்பாங்க. மாமா அப்படித்தான பாத்தாரு?"

இவள் ரசம் ஊற்றப் போன கரண்டியோடு நின்றுவிட்டாள். யார் சொன்னது, எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்காமலே அபி சொன்னாள்.

"மூக்கக் காணோம்னு மாமா சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கலப்பா."

அத்தனை வருடம், மாப்ள. அபிக்குத் தெரியக் கூடாது என்று நான் ரகசியம் காத்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று காட்டினால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அந்தச் சின்ன வயதிலிருந்து அவளும் ரகசியம் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் பட்டறைக்கு வந்தாள், உன்னோடு சிரித்தாள், உன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான்.

கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கடைசியில மாமாவுக்கு என் மூக்கு தெரிஞ்சுச்சாப்பா?"

தெரிஞ்சுச்சும்மா என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாது, மாப்ள.